ஆர்னுல்ஃப் ரைனர்: அந்தக் கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது?

#1 கரித்துண்டு

ஓவியர் ஹுண்டர்ட்வாசரைப் பற்றிய இழையில் பாதிப் பேச்சு இன்னொரு ஆஸ்திரிய ஓவியரான ரைனரைப் பற்றியே ஓடியதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அங்கே கடைசியாக வந்த கருத்து: "அடுத்தவன் படத்தில் கறுப்பை அப்பிவிட்டுத் தன் பேரைப் போட்டுக்கொண்டவர்." இதற்குப் பதில் சொல்ல, முதலில் ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடலாம்.

பிறந்தது 1929 டிசம்பர் 8, வியன்னாவுக்குத் தெற்கே வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பாடன் நகரில். 1940 முதல் 1944 வரை ட்ரைஸ்கிர்ஹனில் நாஜி அரசு நடத்திய உறைவிடப் பள்ளி. இயற்கையைப் பார்த்து உள்ளது உள்ளபடி வரை என்று வற்புறுத்தியதால் அங்கிருந்து வெளியேறினார். போர் முடியும் தறுவாயில் சோவியத் படை நெருங்க, தெற்கே கரிந்தியா மாநிலத்துக்குப் போய்விட்டார். 1947-ல் கிளாகன்ஃபுர்ட்டில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திய கண்காட்சியில் பால் நாஷ், ஃபிரான்சிஸ் பேக்கன், ஹென்றி மூர் ஆகியோரின் வேலையைப் பார்த்தார். நாஜி ஆட்சியில் வெளியுலகக் கலையே கண்ணில் படாமல் வளர்ந்த பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபில்லாக் தொழிற்பள்ளியை முடித்து 1949-ல் வியன்னா பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே நாளில் தகராறு, வெளியே வந்துவிட்டார். அடுத்து நுண்கலை அகாதெமி, மூன்று நாள். படங்களைச் "சீரழிந்த கலை" என்றார்களாம். போர் முடிந்து நாலு வருஷம் ஆகியும் நாஜிகளின் வசைச்சொல் வகுப்பறையில் புழங்கியது. இதே அகாதெமி 1981-ல் இவரையே பேராசிரியராக அழைத்தது.

1950-ல் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ், அரிக் பிரவுவர், மரியா லாஸ்னிக் முதலியோரோடு "நாய்க் குழு". 1951-ல் அதன் கண்காட்சித் திறப்பில் ரைனர் பார்வையாளர்களைத் திட்டித் தீர்த்தார். அப்போதைய புனைபெயர் ட்ர்ர்ர். அதே ஆண்டு லாஸ்னிக்கோடு பாரிஸ். மிகையதார்த்த (சர்ரியலிச) இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோனைச் சந்தித்தது ஏமாற்றம்; ஆனால் பொலக், வோல்ஸ், மாத்தியூ, ஹார்ட்டுங் போன்ற அருவ ஓவியர்களின் படங்கள் ஒரே கூரையின்கீழ் கண்ணில் பட்டன. மிகையதார்த்தத்தின் மீதிருந்த பிடிப்பு அங்கேயே விட்டுப்போனது. கண்ணை மூடிக்கொண்டு வரைந்த கோட்டோவியங்கள் அந்தக் காலத்தவைதான். ஏற்கெனவே இருக்கும் படத்தின்மேல் பூசி மூடும் மேல்பூச்சு ஓவியங்கள் அதற்கடுத்த ஓரிரு ஆண்டில் தொடங்குகின்றன.

"அடுத்தவன் படம்" விஷயம்: முதலில் மூடியது தன் சொந்தப் படங்களை. பிறகு பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. புது கேன்வாஸ் வாங்கக் காசு போதாது, பழைய படம் அதைவிட மலிவு. அதன் பின்னர்தான் எமிலியோ வெடோவா, சாம் ஃபிரான்சிஸ், வாசரேலி போன்ற ஓவியர்களின் படங்கள். அவை மூடப்படப்போகின்றன என்பது தெரியாமல் நடந்த வேலையல்ல.

#2 மழைக்காளான்

//கறுப்பை அப்பிவிட்டு// என்று எழுதியவன் அடியேன். இன்னும் அதையே சொல்வேன். வாழ்க்கை வரலாறு சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படத்தைக் கறுப்பால் மூட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எனாமல் டப்பா ஒன்றும் அகலப் பட்டை பிரஷ் ஒன்றும் இருந்தால் பத்து நிமிஷம். இதில் கைவேலை எங்கே?

#3 ஆளிவிதை

பத்து நிமிஷத்தில் மூடினால் பத்து மாதத்தில் உரியும். ரைனர் அப்படி மூடியவர் அல்ல. வாரம், மாதம், சில படங்களுக்கு ஆண்டுகள் என்று திரும்பத் திரும்ப வந்து பூசியவர். அதனால்தான் அருங்காட்சியகப் பட்டியல்களில் அவர் படங்களுக்கு அடிக்கடி இரட்டைத் தேதி: தொடங்கிய ஆண்டு, விட்ட ஆண்டு. பழைய எண்ணெய் ஓவியத்தின்மேல் புதிதாக எண்ணெய் வண்ணம் ஏற்றுவதில் என்னென்ன சிக்கல் என்று சொல்கிறேன், கைவேலை எங்கே என்பது தானே விளங்கும்.

பழைய படத்தில் வார்னிஷ் இருக்கும். அதன்மேலேயே பூசினால் புதுப் பூச்சு ஓவியத்தைப் பிடிக்காது, வார்னிஷைத்தான் பிடிக்கும். பின்னாளில் யாராவது கரைப்பானால் சுத்தம் செய்தால் வார்னிஷ் கரையும், அதோடு மேலே உள்ளதும் போய்விடும். வார்னிஷை எடுத்த பிறகும் பழைய எண்ணெய்ப் பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பிடிமானம் கிடையாது. 400-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். ஈரம் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பழைய வெள்ளையில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும்.

பிறகு பூச்சு. முதல் கை, அதாவது முதல் பூச்சு, டர்பன்டைன் கூட்டி மெல்லியதாக. அடுத்தடுத்த கைகளில் ஆளிவிதை எண்ணெயின் பங்கு ஏற வேண்டும். இதை மாற்றிச் செய்தால், அதாவது அடியில் எண்ணெய் மிகுந்தும் மேலே குறைந்தும் இருந்தால், மேற்பூச்சு முதலில் இறுகிவிடும். அடிப்பூச்சு அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருக்கும். விளைவு வெடிப்பு.

இது எந்த நிறத்துக்கும் பொருந்தும். கறுப்பில் கூடுதல் தொல்லை. விளக்குப் புகைக்கரிக் கறுப்பு, எலும்புக்கரிக் கறுப்பு இரண்டுமே எண்ணெயை நிறைய குடிக்கும், உலர்வதோ மிக மெதுவாக. அதனால் கறுப்பை அடிப்பூச்சாகப் போடாதே என்பது ஓவியப் பள்ளிகளின் பழைய பாடம். ரைனர் செய்ததோ கறுப்பின்மேல் கறுப்பு, அதன்மேலும் கறுப்பு. பொறுமையில்லாதவன் இதைச் செய்தால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். உள்ளே உலர உலர மேல்தோல் சுருங்கி ஆறின பாலின் ஆடைபோல் மடிப்பு விழும். தப்பிக்க ஒரு வழி, அடிக் கைகளில் கறுப்போடு கொஞ்சம் அம்பர் மண்நிறம் கலப்பது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் உலர்வது விரைவாகும். நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்து, தடம் விழாவிட்டால் அடுத்த கை.

எனாமலைப் பற்றி: வேகமாக உலரும், உண்மைதான். ஆனால் வயதாக ஆக விறைத்துப்போகும். கீழே நெகிழ்ந்துகொண்டிருக்கும் கேன்வாஸ் இருந்தால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

#4 மழைக்காளான்

சரி அக்கா, வேலை கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூட்டை தூக்குவதும் கடினமான வேலைதான், அதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. முடிவில் கண்ணுக்குத் தெரிவது ஒரு கறுப்புச் சதுரம்தானே?

#5 ஆளிவிதை

சதுரம் இல்லை. ஐம்பதுகளின் படங்களைப் பாருங்கள். கறுப்பு பெரும்பாலும் விளிம்புவரை போகாது. ஒரு மூலையிலோ அடிப்பட்டையிலோ பழைய படம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த எல்லைக்கோட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தால் பிரஷ் எங்கே நின்றது, எங்கே வழிந்த வண்ணத்தை வழியவே விட்டார், எங்கே மறுபடி வந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளினார் என்று எல்லாம் பதிவாகியிருக்கும். என் கணக்கில் அவருடைய கலை முழுக்க அந்த விளிம்பில்தான் நடக்கிறது. நடுவிலிருக்கும் கறுப்பு அதற்கான எடை.

பரப்பும் ஒரே கறுப்பல்ல. அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிய இடம் மங்கிப்போயிருக்கும், உறிஞ்சாத இடம் பளபளக்கும். சாதாரண ஓவியர்கள் இதைக் குறை என்று கருதி, எண்ணெயும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி கலந்து துணியால் தேய்த்துச் சமன் செய்வார்கள். ஒற்றை நிறப் படத்தில் இந்த மங்கல்-மினுக்கமே கோடாகவும் உருவமாகவும் வேலை செய்யும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அச்சுப் புத்தகத்திலும் திரையிலும் இது துளியும் வராது. அதனால்தான் இணையத்தில் ரைனரைப் பார்த்தவர்கள் எல்லோரும் உங்களைப்போலவே பேசுகிறார்கள்.

#6 நீலச்சாயம்

கரித்துண்டு எழுதியதில் ஒரு பேர் அவசரமாகக் கடந்துபோய்விட்டது. மரியா லாஸ்னிக் 1919-ல் பிறந்தவர், ரைனரைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் 1948-ல் அறிமுகமானபோது அவர் வியன்னா அகாதெமியில் முழுப் படிப்பையும் முடித்த ஓவியர், இவர் தொழிற்பள்ளி மாணவர். 1951-ல் கிளாகன்ஃபுர்ட்டில் உருவமற்ற ஓவியத்துக்கென்று கண்காட்சி வைத்ததில் இருவருக்கும் பங்கு உண்டு. பாரிஸும் சேர்ந்தே போனதுதான். ஆனாலும் "ஆஸ்திரியாவுக்கு அருவ ஓவியத்தைக் கொண்டுவந்தவர் ரைனர்" என்றே பல நாள் எழுதிவந்தார்கள். லாஸ்னிக்குக்கு வியன்னாவில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1980-ல், அறுபது வயதில். ஜெர்மன் பேசும் நாடுகளில் ஓவியத்துக்கு முதல் பெண் பேராசிரியர் என்று அப்போது கொண்டாடினார்கள். தாமதத்தைக் கொண்டாடியதாகவே எனக்குப் படுகிறது.

#7 கரித்துண்டு

நியாயமான பேச்சு. ஆனால் வழிகள் சீக்கிரமே பிரிந்துவிட்டன. லாஸ்னிக் உடம்பு உள்ளுக்குள் எப்படி உணர்கிறது என்பதை வரையப் போனார். இவர் மூடப் போனார். 1953 முதல் 1959 வரை ரைனர் இருந்தது பாட் ஃபோஸ்லாவுக்கு அருகே கைன்ஃபார்னில், ஆளில்லாத ஒரு பழைய வில்லாவில்.

#8 மணிக்கூண்டு

ஓட்டோ மவுவர் பேர் இன்னும் வரவில்லையே! அவர் இல்லாமல் வியன்னாவின் அருவ ஓவியமே இல்லை. கத்தோலிக்கப் பாதிரியார், ஸ்டெஃபான் பேராலயத்தில் பிரசங்கம் செய்தவர். 1954-ல் பேராலயத்துக்குப் பக்கத்தில், க்ருன்ஆங்கர் சந்து முதலாம் எண் கட்டடத்தில் கலைக்கூடம் தொடங்கினார். ரைனர், ஹொல்லேகா, மிக்கிள், ப்ராகென்ஸ்கி நால்வரும் அந்தக் கூடத்துக் குழு. ஊரே கேலி செய்த படங்களை ஒரு பாதிரியார் சுவரில் மாட்டினால் சபை சும்மா இருக்குமா? அறுபதுகளில் நெருக்கடி முற்றி, "புனித ஸ்டெஃபான் கூடம்" என்ற பெயரை "புனித ஸ்டெஃபானுக்கு அருகிலுள்ள கூடம்" என்று மாற்ற வைத்தார்கள். கூடம் அதே இடத்தில்தான் இருந்தது!

1956 வாக்கில் தொடங்கும் சிலுவை வடிவப் படங்களை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். கேன்வாஸில் சிலுவை வரைவது வேறு, பலகையையே சிலுவையாகச் சேர்த்து அதன்மேல் பூசுவது வேறு. இரண்டாவதில் வண்ணம் மேலிருந்து வழிந்து குறுக்குக்கை முடியும் இடத்தில் விளிம்பிலிருந்து சொட்டிப்போகும். கேன்வாஸில் கிடைக்காத வெட்டு அது.

லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள "திராட்சரசச் சிலுவை"யின் தேதி 1957/78. கிராட்ஸ் நகரில் கத்தோலிக்க மாணவர் வழிபாட்டுக் கூடத்துக்காக வரைந்தது. பின்னால் அதைத் தானே விலைக்கு வாங்கி, இருபது ஆண்டு கழித்து மறுபடி மேலே பூசினார். இருள இருளத்தான் படம் உண்மையாகிறது என்பது அவர் நிலைப்பாடு. விற்ற பண்டத்தைத் திரும்ப வாங்கி வேலை பார்க்கும் ஆளை "பேர் போட்டுக்கொள்கிறவர்" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

#9 மழைக்காளான்

அனுமதியோடுதான் மூடினார் என்கிறீர்கள். வோல்ஃப்ஸ்புர்க் சங்கதி என்ன ஆனது? வழக்கே நடந்ததே.

#10 கரித்துண்டு

நடந்தது. 1961, ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க். கண்காட்சியில் பரிசு பெற்றிருந்த இன்னொருவரின் படத்தின்மேல் எல்லோர் முன்னிலையிலும் பூசிவிட்டார்; நீதிமன்றம் தண்டித்தது. இதில் அவருக்காக வாதாட எனக்கு மனமில்லை. நண்பர் கொடுத்த படத்தை மூடுவதற்கும் கேட்காமல் மூடுவதற்கும் நடுவிலுள்ள கோட்டை அவர் தெரிந்தேதான் தாண்டினார்.

காலம் பதில் மரியாதை செய்தது. 1994-ல் அகாதெமியில் இருந்த அவருடைய அறைக்குள் யாரோ புகுந்து, இருபதுக்கும் மேற்பட்ட படங்களைக் கறுப்பால் மூடிவிட்டுப் போனார்கள். அவரே செய்துகொண்டாரோ என்றுகூடச் சந்தேகம் கிளம்பியது. 1995-ல் பதவியை விட்டு விலகினார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களை யாரும் "புதிய ரைனர்கள்" என்று ஏற்கவில்லை. மூடினால் மட்டும் ரைனர் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, மழைக்காளான்?

#11 ஈசல்

இடையில் ஒரு கேள்வி. மூடியதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது கருவி வைத்துப் பார்க்க முடியாதா?

#12 ஆளிவிதை

எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. பழைய ஓவியங்களின் அடிக்கோட்டைக் காண வழக்கமாக அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துவார்கள். கரிக்கறுப்பு அகச்சிவப்பை விழுங்கிவிடும், ஆகவே தடித்த கறுப்புப் பூச்சுக்கு அது உதவாது. எக்ஸ்-ரே அப்படியல்ல, அதற்குக் கரி கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, ஊடுருவிப் போய்விடும். அடியிலுள்ள படத்தில் ஈய வெள்ளை இருந்தால் அது எக்ஸ்-ரேயைத் தடுத்து வெளேரென்று தெரியும். ஆக, சந்தையில் வாங்கிய பழைய உருவப்படத்தின்மேல் கறுப்பு ஏற்றியிருந்தால் அந்த முகம் படத்தில் விழ வாய்ப்பு அதிகம். மண்நிறங்களால் மட்டும் வரைந்ததோ கரிக்கோல் சித்திரமோ என்றால் ஒன்றும் கிடைக்காது.

#13 தகடு

எல்லோரும் எண்ணெய் வண்ணத்திலேயே நிற்கிறீர்கள். ரைனரின் மூடும் புத்தி முழுதாகத் தெரிவது அவருடைய உலர்ஊசி அச்சுகளில் என்பேன். அமிலம் கிடையாது; கூரான எஃகு ஊசியால் செப்புத் தகட்டில் நேரடியாகக் கீறுவது. கீறும்போது கோட்டின் இரு பக்கமும் உலோகப் பிசிறு எழும்பும். மையைப் பிடித்துவைப்பது பள்ளத்தைவிட அந்தப் பிசிறுதான். வெல்வெட் மாதிரி மங்கலான கறுப்பு அதிலிருந்து வருகிறது.

இங்கேதான் ஒரு கண்ணி. கோட்டின்மேல் கோடு, அதன்மேல் இன்னொரு கோடு என்று அடர்த்தியாகக் கீறிக்கொண்டே போனால், புதுக் கீறல் பழைய கீறலின் பிசிறை அறுத்துத் தள்ளிவிடும். ஒரு எல்லைக்குமேல் மை நிற்க இடமே இராது. கன்னங்கறுப்பை எதிர்பார்த்த இடத்தில் சாம்பல் திட்டு வரும். எண்ணெயில் எவ்வளவு மூடினாலும் கறுப்பு கூடிக்கொண்டே போகும், தகட்டிலோ ஒரு கட்டத்துக்குமேல் மூட மூட வெளுக்கும். ஆகவே கீறலின் திசையை மாற்றி, இடைவெளி விட்டு, சோதனை அச்சு எடுத்து எடுத்துப் பார்த்துத்தான் முன்னேற வேண்டும்.

அச்சடிக்கையில் கவனிக்க வேண்டியவை: தாளை முன்கூட்டியே நனைத்து, மேலீரம் போக ஒற்றி வைத்திருக்க வேண்டும். மையைத் துடைக்கும்போது வலைத்துணியை அழுத்தாமல் உருட்டித் துடைக்க வேண்டும், அழுத்தினால் பிசிறு மடங்கும். உருளையின் ஒவ்வொரு ஓட்டமும் பிசிறை நசுக்குவதால் வெறும் செப்பில் பத்து, இருபது நல்ல அச்சுக்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. கூடுதல் வேண்டுமானால் மின்பூச்சாக மெல்லிய இரும்புப் படலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏலப் பட்டியலில் ரைனர் அச்சு வாங்குகிறவர்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் கோட்டின் ஓரத்தில் பஞ்சுத்தன்மை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பது நல்லது.

#14 நீலச்சாயம்

எனக்கு ரைனர் பிடிப்பது 1968-க்குப் பிறகு. வியன்னா மேற்கு ரயில் நிலையத்தில் காசு போட்டால் படம் எடுக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து முகத்தைக் கோணலாக்கிப் படம் எடுத்துக்கொண்டார். கிடைத்த படங்களில் உடம்பின் முறுக்கு வரவில்லை என்று அவற்றின்மேல் கோடு இழுத்தார். பின்னர் தொழில்முறைப் புகைப்படக்காரரை வைத்து எடுத்துப் பெரிதாக்கி, அதன்மேல் எண்ணெய்க் க்ரேயான், மை. இந்தக் கட்டத்தில் முகம் மறைவதில்லை. நெற்றிச் சுருக்கம் எங்கே இழுக்கிறதோ அந்தத் திசையிலேயே கோடும் இழுக்கிறது. 1973 வாக்கில் வேலையின் வேகத்தில் பிரஷ் முறிய, கையாலேயே அறைந்து பூசத் தொடங்கினார். விரல் ஓவியங்கள் அப்படிப் பிறந்தவை. கலைஞர் டீட்டர் ரோத்தோடு ஒரே தாளில் மாறி மாறி வரைந்ததும் எழுபதுகளில்தான். 1978-ல் வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில் ஆஸ்திரிய அரங்கு அவருக்கு. 1982-ல் ஹிரோஷிமா தொடர்: அழிந்த நகரின் புகைப்படங்கள்மேல் கோடுகள். 1989-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கண்காட்சி.

#15 ஈசல்

புகைப்படத்தில் எண்ணெய்க் க்ரேயான் வழுக்காதா?

#16 நீலச்சாயம்

பளபளப்புத் தாளில் வழுக்கும். அழுத்தினால் கட்டியாகச் சேரும். மங்கல் பரப்புள்ள, நார்த்தாளில் எடுத்த அச்சுதான் பிடிக்கும். கூரான முனையால் கீறினால் மேலிருக்கும் வெள்ளிப் படலம் கிழிந்து தாளின் வெள்ளை தெரியும். அதைக் கோடாகப் பயன்படுத்தலாம், ஆனால் திருத்த முடியாது. முக்கியமாக, எண்ணெய்க் க்ரேயான் ஒருநாளும் முழுசாக இறுகாது. சட்டமிடும்போது கண்ணாடி பரப்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கோடு கண்ணாடியோடு வரும். குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளிக் கட்டை வேண்டும். வெயில் படும் சுவர், அடுப்படிச் சுவர் இரண்டும் ஆகாது.

#17 மணிக்கூண்டு

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: பாடனில் பெண்களுக்கான பழைய குளிப்பகத்தை 2009-ல் ரைனர் அருங்காட்சியகமாக்கினார்கள். பளிங்குக் குளியல் அறைகளை இடிக்காமல் அப்படியே விட்டு, அவற்றுக்குள்தான் காட்சி. வியன்னாவில் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்திடம் நல்ல தொகுப்பு உண்டு. 2014-ல் அவருடைய 85-ஆம் வயதை ஒட்டிப் பெரிய பின்னோக்குக் கண்காட்சி வைத்ததும் அவர்கள்தான். எல்லாப் படமும் எப்போதும் சுவரில் இருக்காது, போகுமுன் என்ன காட்சி ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

#18 மழைக்காளான்

சிலுவை விஷயத்திலும் தகட்டு விஷயத்திலும் எனக்கு மறுப்பில்லை. வோல்ஃப்ஸ்புர்க்கில் மறுப்பு இருக்கிறது, இருக்கும். ஆளிவிதை அக்கா, ஒன்றே ஒன்று: அடியில் அக்ரிலிக் இருந்தால் மேலே எண்ணெய் போடலாமா?

#19 ஆளிவிதை

தாராளமாக, நன்கு உலர்ந்த பிறகு, மினுக்கம் போகத் தேய்த்துவிட்டு. எண்ணெய்க்கு மேலே அக்ரிலிக் மட்டும் வேண்டாம். முதலில் பிடித்த மாதிரி தெரியும், பிறகு ஒரு மூலையில் நகம் பட்டால் போதும், தாள்போல் முழுசாக உரிந்து வரும்.